கிறிஸ்மஸ் ரோஜா ஏறாத மலை

கண்டி டவுன்ல நாட்டு மருந்துச் சாமான் விக்கிற கடையில "கடுகுரோகிணி" இருக்கான்னு கேட்டுப் பாருங்க. கறுத்துச் சுருங்கின, விரல் நீளம்கூட இல்லாத வேர்த்துண்டுகளைக் காகிதத்தில சுத்தித் தருவாங்க. சிங்களத்தில கேட்கணும்னா கட்டுகரோசண. நாக்கில பட்டா லேசில போகாத கசப்பு. காய்ச்சல், ஈரல், வயிறு என்று பல கஷாயங்களில இது சேருது.

அதே சொல்லைப் பழைய அகராதிகளில தேடினா வேறொரு செடி வந்து நிக்குது. மொனியர் வில்லியம்ஸ் 1899இல் வெளியிட்ட சமஸ்கிருத அகராதி, கடுரோகிணி என்றால் 'ஹெலிபோரஸ் நைகர்' என்று சொல்லுது. பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளிலும் அதே பொருள் நுழைஞ்சிருக்கு. ஹெலிபோரஸ் நைகர் என்பது ஐரோப்பாவில பனிக்குள்ள பூக்கிற ஒரு தோட்டச் செடி. ஆங்கிலேயர்கள் செல்லமா 'கிறிஸ்மஸ் ரோஜா' என்று கூப்பிடுற அதே செடி.

அகராதி சொல்றது பிழை. கடையில தர்ற வேர், இமயமலையில 3,000 மீட்டருக்கு மேல வளர்ற பிக்ரோரைசா குர்ரோவா என்ற வேறொரு செடியோடது. ரெண்டும் ஒரே குடும்பம்கூட இல்ல. ஹெலிபோரை ஆராய்ஞ்சு எழுதணும்னு நாங்க உட்காரல. மலையகத்துப் பூந்தோட்டங்களோட வரலாறைத் தேடும்போதுதான் இந்தப் பேர்க் குழப்பம் குறுக்க வந்தது. ஆனா தோண்டத் தோண்ட ரெண்டும் ஒரே கதைதான்னு விளங்கிச்சு. இந்த மலைக்கு வந்து வளர முடியாத ஒரு பூ, எங்க அகராதிக்குள்ள மட்டும் எப்படி வேர் விட்டுச்சு? அதுக்குப் பதிலா மலையில வந்து வளர்ந்தது எது? அதை நட்டது யாரு?

முதல்ல செடியைப் பார்ப்போம். ஹெலிபோர்ல ஒரு இருபது சொச்சம் இனம் இருக்கு. பெரும்பாலும் பால்கன் பக்கத்து மலைக்காடுகள், துருக்கி, அதைச் சுத்தின இடங்கள். ஒரே ஒரு இனம் தனியாப் போய்ச் சீனாவில இருக்கு. தோட்டங்களில அதிகம் தெரிஞ்சது ரெண்டு. ஒண்ணு, வெள்ளையாப் பூக்கிற கிறிஸ்மஸ் ரோஜா. மற்றது, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில பூக்கிறதால 'லென்ட் ரோஜா' என்று பேர் எடுத்தது. இதோட கலப்பினங்கள் ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, கிட்டத்தட்ட கறுப்பு வரைக்கும் பல நிறத்தில வருது. ரெண்டுக்கும் ரோஜாவோட எந்தச் சொந்தமும் கிடையாது. 'நைகர்' என்றால் லத்தீன்ல கறுப்பு. பூ வெள்ளை, வேர்தான் கறுப்பு. இந்தக் கறுப்பு வேரை ஞாபகத்தில வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நாம இதழ்னு நினைக்கிறது உண்மையில இதழ் இல்ல. அது புல்லிவட்டம். உண்மையான இதழ்கள் சுருங்கி, நடுவில சின்னச் சின்னத் தேன் குழல்களா மாறியிருக்கு. அதனாலதான் பூ உதிராம மாதக்கணக்கில நிக்குது. விதை கட்டின பிறகும் பச்சையாகி அப்படியே இருக்கும். தலையைக் குனிஞ்சு பூக்கிறது மகரந்தத்தை மழையிலயும் பனியிலயும் இருந்து காப்பாத்துது. மற்ற எதுவும் பூக்காத காலத்தில பூக்கிறதால, அந்தக் குளிர்ல வெளிய வர்ற ஒண்டு ரெண்டு வண்டுத் தேனீக்களுக்கு இதுதான் சாப்பாடு. விதையில ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதுக்காக எறும்புகள் விதையைத் தூக்கிட்டுப் போய் வேற இடத்தில போடும்.

லண்டன், டொரொன்டோ பக்கம் இருந்து வாசிக்கிறவங்களுக்கு இது வீட்டு வாசல் செடியாவே இருக்கலாம். அங்க வளர்க்கிறது பெரிய வித்தை இல்ல. குளிர்காலத்தில இலை உதிர்ற மரத்துக்குக் கீழ நடணும்: கோடையில நிழல், குளிர்காலத்தில வெயில். தண்ணி தேங்காத, இலைமக்கு கலந்த மண் வேணும். கிறிஸ்மஸ் ரோஜாவுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்த மண் பிடிக்கும். பூமொட்டு தலை நீட்டும்போது பழைய இலைகளை அடியோட வெட்டிடணும். இல்லாட்டி போன வருசத்து இலைப்புள்ளி நோய் புதுசுக்கும் ஏறும். ஒரு இடத்தில வேர் பிடிச்சிட்டா அடிக்கடி இடம் மாத்தக் கூடாது. இவ்வளவுதான்.

விதையில இருந்து வளர்க்கிறதுதான் பொறுமையைச் சோதிக்கும். விதை செடியை விட்டு விழும்போது உள்ள இருக்கிற முளை இன்னும் முழுசா வளர்ந்திருக்காது. முதல்ல சில வாரம் வெதுவெதுப்பு வேணும். அதுல முளை வளரும். அதுக்குப் பிறகு ரெண்டு மூணு மாதம் தொடர்ந்து குளிர் வேணும். அப்பதான் தூக்கம் கலையும். அதாவது ஒரு கோடை, ஒரு குளிர்காலம், அந்த வரிசையில. விதையைக் காய வைச்சு எடுத்து வைச்சா தூக்கம் இன்னும் ஆழமாகிடும். முளைச்ச பிறகும் முதல் பூவுக்கு ரெண்டு மூணு வருசம். வளர்ந்த செடியும் அப்படித்தான், குளிரை எண்ணிக்கிட்டே இருக்கும். போதுமான நாள் குளிர் கிடைக்காட்டி மொட்டு ஒழுங்கா வராது.

இனி எங்க மலைக்கு வருவோம்.

நுவரெலியாவைப் பற்றி எழுதுறவங்க எல்லாரும் 'குட்டி இங்கிலாந்து' என்ற சொல்லை எடுக்காம விடுறதில்ல. எங்களுக்கு அந்தச் சொல்லே கொஞ்சம் அலுத்துப் போச்சு. ஆனா அதைக் கட்ட முயற்சி பண்ணினது உண்மை. 1819இல் ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் அங்க போய் எழுதினார். 1820களோட கடைசியில ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்க ஒரு வீடு கட்டினார். இன்றைக்கு கிராண்ட் ஹோட்டலா நிக்கிறது அதோட தொடர்ச்சி. காய்ச்சலில விழுந்த வெள்ளைக்கார அதிகாரிகள் குளிருக்கு ஏறி உடம்பைத் தேத்திக்கிட்டு இறங்குற இடமா ஊர் மாறிச்சு. அப்படிக் காய்ச்சலுக்கு ஏறின ஒருத்தர்தான் சாமுவேல் பேக்கர். பின்னாடி நைல் நதியோட ஊற்றைத் தேடிப்போய்ப் பேர் வாங்கினவர். 1848இல் ஒரு கப்பல்ல ஆட்களையும் மாடு, ஆடு, கலப்பைகளையும் ஏத்திக்கொண்டு வந்து நுவரெலியாவில ஒரு ஆங்கிலக் கிராமமே அமைக்கப் பார்த்தார். அவரோட ஒசத்தி சாதி டர்ஹம் பசு மலைப்பாதையில ஏற முடியாம வழியிலயே செத்துப் போச்சு. ஓட்ஸ் பயிரை மரையும் காட்டுப் பன்றியும் அழிச்சிச்சு, உருளைக்கிழங்கைப் புழு தின்னுச்சு. 1855இல் அவர் போயிட்டார். அந்த அனுபவத்தை அவரே புத்தகமா எழுதியிருக்கார். வாசிக்கச் சுவாரசியமான ஆள்தான், யானைகளைச் சுட்டுத் தள்ளின கணக்கைச் சகிச்சுக்கிட்டா.

அரசாங்கத்தோட தோட்டக்கலை இதைவிட நிதானமா நடந்தது. பேராதனைத் தோட்டம் 1821இல், அலெக்சாண்டர் மூன் காலத்தில. அங்க கடல் மட்டத்தில இருந்து 460 மீட்டர்தான். குளிர்ச் செடிகளுக்கு அது சூடு. அதனால 1861இல், த்வெய்ட்ஸ் பேராதனைக்குப் பொறுப்பா இருந்தப்ப, 1,700 மீட்டர் உயரத்தில ஹக்கல தோட்டம் வந்துச்சு. பூவுக்காக இல்ல, சின்கோனாவுக்காக. மலேரியாவுக்கு குவினைன் தர்ற மரப்பட்டை. அன்டீஸ் மலையில இருந்து விதை எடுத்து வந்து பிரித்தானிய ஆட்சி ஆசியா முழுக்கப் பரப்பின மரம். கோப்பி இலைநோயில அழிஞ்ச காலத்தில தோட்டத் துரைமார் சின்கோனாவுக்கு ஓடினாங்க, 1880களில எல்லாரும் ஒரே நேரத்தில பட்டையை வித்து விலை விழுந்துச்சு, பிறகு தேயிலை. ஹக்கல மெல்ல மெல்லப் பூந்தோட்டமா மாறிச்சு. இன்றைக்கு ஏப்ரல் சீசனுக்கு ரோஜா பார்க்கப் போறோமே, அந்தத் தோட்டம் ஒரு மருந்துத் தொழிற்சாலையாத் தொடங்கினது.

சரி, அங்க இருக்கிற 'ஆங்கில'ப் பூக்களை ஒவ்வொண்ணா எடுத்து ஊர் கேட்டுப் பாருங்க. டேலியா மெக்சிக்கோ. ஃபுக்சியாவும் கிழங்கு பெகோனியாவும் தென்னமெரிக்க மலைகள். ஜெரேனியம், ஏரம் லில்லி, அகபாந்தஸ் மூணும் தென்னாபிரிக்கா. ஹைட்ரேஞ்சியா ஜப்பான். இங்கிலாந்தே இரவல் வாங்கின பூக்கள்தான் நுவரெலியாவில 'இங்கிலாந்து' என்ற பேரில பூக்குது. ஆங்கிலேயர்கள் ஊர்ல பனிக்காலத்து அடையாளமா நினைக்கிற கிறிஸ்மஸ் ரோஜா அந்தக் கூட்டத்தில இல்ல.

காரணம் குளிர் போதாமை இல்ல. குளிருக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம். நுவரெலியாவோட வருசச் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட 16 பாகை. கேட்க இங்கிலாந்து மாதிரித்தான் இருக்கு. ஆனா ஆகக் குளிர்ந்த மாதத்துக்கும் ஆகச் சூடான மாதத்துக்கும் இடையில மூணு பாகை வித்தியாசம்கூடப் பெரிசா வராது. ஜனவரி, பெப்ரவரியில சில விடியற்காலை புல்லில உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து கருகும். பத்து மணிக்கு வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழட்ட வைக்கும். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை பக்கத்தில இருக்கோம். ஆக நீளமான பகலுக்கும் ஆகக் குறுகின பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்ல. லண்டன்ல அது எட்டு மணித்தியாலத்துக்கு மேல. எங்க மலையில ஒரு நாளுக்குள்ளயே குளிர்காலமும் கோடையும் வந்து போகுது. ஹெலிபோர் எண்ணுறது நாளை இல்ல, மாதத்தை. ரெண்டு மூணு மாதம் தொடர்ந்து வர்ற குளிர் இல்லாத ஊர்ல அதுக்கு எப்ப முழிக்கிறது, எப்ப பூக்கிறதுன்னு விளங்காது.

பயணமும் அதுக்கு எதிரிதான். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கும் வரைக்கும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுத்தி மாதக்கணக்கில வந்துச்சு. காய்ஞ்ச விதை பிடிவாதமாகிற செடிக்கு அது நல்ல வழி இல்ல. நதானியல் வார்ட் கண்டுபிடிச்ச, காத்துப் புகாத கண்ணாடிப் பெட்டிகளில உயிர்ச் செடிகள் கடல் தாண்டினது உண்மைதான். ஆனா அந்தப் பெட்டியில இடம் பிடிச்சது காசு தர்ற செடிகள்தான்.

இது வெறும் பூ விசயம்னு நினைக்காதீங்க. இதே கணக்குதான் கரட்டுக்கும். கரட் ரெண்டு வருசப் பயிர். முதல் வருசம் கிழங்கு, ஒரு குளிர்காலம் தாண்டினாத்தான் பூவும் விதையும். எங்க மலையில கிழங்கு அருமையா விளையும்; குளிர்காலம் இல்லாததால விதை கட்டுறது கஷ்டம். அதனாலதான் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரங்க வெளிநாட்டில இருந்து வர்ற விதையை நம்பியிருக்காங்க. 2022இல் நாட்டில டொலர் இல்லாமப் போனப்ப விதை விலை என்ன ஆச்சுன்னு அவங்களைக் கேளுங்க. துரைமாரோட காலத்து 'இங்கிலீஷ் மரக்கறி' இன்னும் எங்களை ஒரு தூரத்துப் பனிக்காலத்தோட கட்டி வைச்சிருக்கு. பேக்கரோட தோல்வி 1855இலயே முடிஞ்சது, இது முடியல.

இந்தத் தோட்டங்களை வெட்டி, சமப்படுத்தி, நட்டது யாரு?

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1880இல் மாத்தளைக்கு, எங்க மஹய்யாவ வழியா. நானுஓயாவுக்குப் போனது 1885இல். அதுக்கு முந்தி மலைக்கு ஏறினது எல்லாமே வண்டியில, இல்லாட்டி ஆள் தலையில. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா நடந்து, மாத்தளை தாண்டி வந்த தமிழ்நாட்டுக் கூலிச் சனம் கண்டிக்குள்ள நுழைஞ்சது எங்க ஊர் இருக்கிற பக்கமாத்தான். நிறையப் பேர் கோப்பித் தோட்டங்களுக்கு மேல ஏறிப் போனாங்க. கொஞ்சப் பேர் டவுனைக் கூட்டித் துப்புரவாக்க நிறுத்தப்பட்டாங்க. மஹய்யாவ லயங்களோட தொடக்கம் அதுதான். மேல போனவங்களில பங்களாப் பூந்தோட்டக்காரங்க ஆனவங்களும் இருக்காங்க. மலையகத்துக் குடும்பங்களில விசாரிச்சா ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ 'பங்களாத் தோட்டத்தில' நின்றவரா இருப்பார். டேலியாக் கிழங்கை எப்ப தோண்டி எடுக்கணும், ஜெரேனியத்தை எந்தக் கணுவில வெட்டி நட்டா வேர் விடும்னு அவங்களுக்குக் கை சொல்லும். எந்தப் புத்தகமும் அவங்களுக்கு அதைச் சொல்லித் தரல. அவங்க சொன்னதையும் யாரும் புத்தகத்தில எழுதல.

பேராதனையில செடிகளை வரைஞ்ச ஹர்மனிஸ் டி அல்விஸோட பேர் வரலாற்றில இருக்கு. 1820களில தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரைஞ்சார், பிறகு அவரோட மகனும் வரைஞ்சார். அது நியாயம், அந்தப் படங்கள் அவ்வளவு அழகு. குழி வெட்டினவங்களுக்கு 'கூலி' என்ற ஒரே பேர்தான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தப்ப, "உன் தகப்பன் எங்க பிறந்தான், காட்டு" என்று கேட்டது அப்படிப் பேர் எழுதாம விடப்பட்டவங்களோட பிள்ளைகள்கிட்டத்தான். 2012 குடிசனக் கணக்கெடுப்பிலயும் நாங்க 'இந்தியத் தமிழர்'. பேரை யார் எழுதுறாங்க என்ற கேள்வி எங்களுக்கு அகராதி ஆராய்ச்சி மட்டும் இல்ல என்று சொல்லத்தான் இதைச் சொன்னோம்.

மேற்கு ஐரோப்பாவில இருந்து வந்து எங்க மலையை உண்மையிலேயே பிடிச்சுக்கிட்ட செடி ஒண்ணு இருக்கு. கோர்ஸ். மஞ்சள் பூ, முள்ளா மாறின இலை, பூவுக்குக் கிட்டப் போனா தேங்காய்ப்பூ வாசம். கேட்க ஆசையா இருக்கும். இதுக்கு ஹெலிபோர் மாதிரிக் குளிர்காலக் கணக்கு எதுவும் பெரிசா வேண்டாம், மிதமான குளிர் போதும். அவரை இனம் என்கிறதால மண்ணுக்கு நைதரசனைத் தானே சேர்த்துக்கும். விதை மண்ணுக்குள்ள முப்பது வருசம் வரைக்கும் உயிரோட கிடக்கும். வெட்டினா திரும்பத் துளிர்க்கும், எரிச்சா விதை இன்னும் நல்லா முளைக்கும். நுவரெலியாப் பக்கத்தில இருந்து ஹோர்டன் சமவெளிப் புல்வெளி வரைக்கும் ஏறிடுச்சு. 1988இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட இடம் அது. வனஜீவராசிகள் திணைக்களத்தோட சேர்ந்து தொண்டர்கள் வேரோட பிடுங்குறாங்க; திரும்ப வருது. அழகுக்குக் கொண்டு வந்த செடிகளில எது வருமானம், எது வினைன்னு நட்டவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. ஆனா அதைப் பிடுங்குறது அவங்க பேரப்பிள்ளைகள் இல்ல.

அதே புல்வெளியில ஹெலிபோரோட சொந்தக்காரச் செடி ஒண்ணு யாரும் கொண்டு வராமலே இருக்கு: அனிமோன் ரிவுலாரிஸ். ஈரப் புல்லுக்குள்ள வெள்ளையாப் பூக்கும், வெளிப்பக்கம் நீலம் கலந்த சாயல். இதுக்கும் இதழ்னு தோன்றுறது இதழ் இல்ல. இமயமலை, நீலகிரி, பிறகு எங்க மலை என்று விட்டு விட்டு இருக்கிற செடி. ஹென்றி ட்ரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கின இலங்கைத் தாவர நூல் இந்தக் குடும்பத்தில இருந்துதான் ஆரம்பிக்குது. அதே குடும்பத்தில ஒரு கொடியும் உண்டு, சிங்களத்தில நரவெல். அந்தப் பேரை எடுத்துத்தான் தாவரவியல் 'நரவேலியா' என்று வைச்சது. அதாவது இந்தக் குடும்பத்தில ஒரு பேர் எங்க தீவில இருந்து லத்தீனுக்குப் போயிருக்கு, சரியா. இன்னொரு பேர் லத்தீன்ல இருந்து எங்ககிட்ட வந்திருக்கு, பிழையா.

அந்தப் பிழை எப்படி நடந்தது? வைட்லோ ஐன்ஸ்லி என்ற கிழக்கிந்தியக் கம்பனி மருத்துவர் சென்னையில இருந்தவர். இந்திய மருந்துச் சரக்குகளைப் பட்டியலிட்டு 1813இல் ஒரு நூல் போட்டார். 1826இல் லண்டன்ல அதை விரிச்சு ரெண்டு பாகமா வெளியிட்டார். ஒவ்வொரு சரக்குக்கும் முதல்ல ஆங்கிலப் பேர், பிறகு தமிழ், உருது, அரபு, சமஸ்கிருதப் பேர்கள். கறுப்பு ஹெலிபோர் என்ற தலைப்புக்குக் கீழ தமிழ்ப் பேரா வந்து உட்கார்ந்தது கடுகுரோகிணி. நியாயமா யோசிச்சா அவரைப் பெரிசாக் குத்தம் சொல்ல முடியாது. சந்தைக்கு வந்தது செடி இல்ல, காய்ஞ்ச வேர். கறுப்பு, கசப்பு, வயித்தைக் கலக்கும்; ஐரோப்பிய மருத்துவர் ஒருத்தருக்கு அந்த மூணும் சேர்ந்தா ஹெலிபோர்தான் ஞாபகம் வரும். இமயமலையில பூவோட நிக்கிற செடியைச் சென்னையில யார் கண்டது? ஐரோப்பாவுக்குள்ளயே இந்தப் பேர் தெளிவில்லாததுதான். 'வெள்ளை ஹெலிபோர்' என்று அவங்க சொல்றது முழுக்க வேற குடும்பத்துச் செடி.

அதுக்குப் பிறகு சஹரன்பூர்த் தோட்டத்தில வேலை பார்த்த ரொய்ல் போன்றவங்க இமயமலைச் செடிகளை நேராப் பார்த்து விவரிச்சாங்க. 1830களிலயே கடுகுரோகிணிக்குச் சரியான தாவரப் பேர் கிடைச்சிடுச்சு. பிக்ரோரைசா என்றால் கிரேக்கத்தில 'கசப்பு வேர்'. குர்ரோவா என்பதும் கசப்புக்கு வடக்கில சொல்ற பேர்தான். எங்க ஆட்கள் சொன்ன குணத்தையே தாவரவியலும் பேரா எடுத்துக்கிச்சு. ஆனா அகராதிக்காரங்க தாவரவியல் நூல்களைப் பார்க்கல. முந்தின அகராதியைப் பார்த்து எழுதினாங்க. மொனியர் வில்லியம்ஸ் எழுதும்போது சரியான பேர் வந்து அறுபது வருசம் தாண்டியாச்சு. இன்றைக்கும் மூலிகைப் பக்கங்கள் பலதில கடுகுரோகிணிக்குப் பக்கத்தில ஹெலிபோர் நிக்குது.

நின்னாப் போகட்டும்னு விட முடியாது, ஏன்னா ஹெலிபோர் நஞ்சு. வேர்ல இருக்கிற பொருள்கள் இதயத் துடிப்பையே குழப்பும். பழைய கிரேக்கர்கள் பைத்தியத்துக்கு இதை மருந்தாக் கொடுத்தாங்க. அவங்க கதைகளிலயே இது ஆயுதமாவும் வருது. கிர்ரா என்ற நகரத்தை முற்றுகையிட்டவங்க ஊருக்குப் போற தண்ணியில ஹெலிபோர் வேரைக் கலந்து, காவல் நின்னவங்களை வயித்தோட்டத்தில விழுத்தி நகரத்தைப் பிடிச்சாங்களாம். கடுகுரோகிணியோ, அளவோட எங்க வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக் கொடுத்து வர்ற சரக்கு. அதுவும் இப்ப அருமையாகிட்டு வருது. இமயமலையில வேரோட பிடுங்கிப் பிடுங்கிக் குறைஞ்சு, சைட்டிஸ் உடன்படிக்கையோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. கிடைக்கிறது குறைஞ்சு விலை ஏறினா, கலப்படத்துக்கும் 'அதுக்குப் பதிலா இது' என்ற யோசனைக்கும் இடம் வந்துடும்.

கண்டியில இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லாது. இங்க ஹெலிபோர் வளர்றதில்ல. ஆனா எங்க சனம் இப்ப இருக்கிற இடம் கண்டி மட்டும் இல்லையே. டொரொன்டோவில பனி உருகுற மார்ச், ஏப்ரல்ல வீட்டு முன்னால லென்ட் ரோஜா பூத்திருக்கும். உள்ள குசினியில அம்மாவோ ஆச்சியோ ஊர்க் கஷாயத்துக்குச் சரக்குப் பட்டியல் எழுதிட்டு இருப்பாங்க. கடுகுரோகிணி முடிஞ்சு போயிருக்கும். பிள்ளை ஃபோன்ல தேடினா, "ஹெலிபோர், கிறிஸ்மஸ் ரோஜா" என்று பதில் வரும். ஐன்ஸ்லியோட பட்டியல் இருநூறு வருசம் கழிச்சு வாசல்படியில வந்து நிக்கும்.

அதனால அங்க இருக்கிறவங்களுக்கு: கடையில வாங்குற பொட்டலத்தில பிக்ரோரைசா குர்ரோவா என்று இருக்கணும், ஹெலிபோரஸ் என்று இருந்தா வாங்காதீங்க. வாசல்ல நிக்கிற செடி பார்க்கத்தான், அதோட எந்தப் பாகமும் குசினிக்குள்ள வரக் கூடாது. பழைய இலையை வெட்டும்போது கையுறை போட்டுக்கோங்க, சாறு பட்டா தோல் எரியும். சின்னப் பிள்ளைகளும் நாயும் இருக்கிற வீடுன்னா விதை நெத்து வெடிக்க முந்தியே கிள்ளி எடுத்திடுங்க.